ஏழாவது வரி

மார்ச் 9, திங்கள், பகல் 11.40
தொட்டியில் விட்டது பத்து. உயிரோடு இருப்பது பத்து.

அக்காவுக்கு,

எண்ணி முடித்த கையோடு போனில் சொன்னேன். பாதியிலேயே வைத்துவிட்டாய். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன். எழுத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது.

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய குளத்துத் தண்ணீர் வியாழக்கிழமை ஆய்வகத்துக்கு வந்தது. அன்றைக்கு இதே 11.40க்கு அதில் பத்துக் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். தொண்ணூற்றாறு மணி நேரம் கணக்கு. விஷம் இருந்தால் முதல் நாளே ஒன்றிரண்டு சாயும். நாலாவது நாளுக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்றுகூடச் சாயவில்லை. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிகின்றன. கருவியிலும் போட்டுப் பார்த்தேன். பூச்சிமருந்து இருந்தால் வரைபடத்தில் கோடு மலை மாதிரி எழும்பும். இங்கே தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது.

ஆகவே, தோட்டக்காரர்களின் பூச்சிமருந்து என்று நீ சொன்னது தப்பு. உன் குளத்து மீன்கள் மூச்சு முட்டித்தான் செத்திருக்கின்றன. தீவனம் மிஞ்சி அடியில் அழுகினால், பாசி மண்டினால், விடிகாலையில் தண்ணீரில் பிராணவாயு இறங்கிவிடும். கையால் அள்ளிப் போடாதே, எடை பார்த்துப் போடு என்று தலையால் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

மீன் வளர்ப்போர் சங்கத்துக்கு அறிக்கை போய்விட்டது. 'நச்சு இல்லை. பராமரிப்பில் கவனக்குறைவு.' அவ்வளவுதான். அக்கா என்பதற்காக வளைத்து எழுத எனக்கு வராது. அது உனக்கே தெரியும்.

தம்பி


மார்ச் 11, புதன்

குடுக்கைக்கு,

அவசரக்குடுக்கை என்று முழுசாகவே எழுதலாம். படித்தவன் ஆயிற்றே என்று மரியாதைக்குப் பாதியோடு விடுகிறேன்.

உன் நம்பரை அடைத்து வைத்துவிட்டேன். போனில் உன்னோடு பேசுவது ஓடுகிற மோட்டாரோடு பேசுகிற மாதிரி. அது நின்றால்தான் நம் குரல் நமக்கே கேட்கும். கடிதத்தில் நான் முடிக்கிறவரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாக வேண்டும்.

உன் அறிக்கையைச் சங்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். தீவனம் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் நின்று படிக்கிறார்கள். செயலாளர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்: "கூடப் பொறந்தவரே எழுதிட்டாரும்மா. நாங்க என்ன பண்றது?"

இப்போது கேள். விடிகாலை என்று எழுதியிருக்கிறாயே, உன்னிடம் யார் சொன்னது? நீயாக எழுதிக்கொண்டாய். மூன்றாம் தேதி, செவ்வாய், மத்தியானம் மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையில் அத்தனை மீனும் மேலே வந்து தீவனம் தின்றன. இரண்டு மணிக்கு வாய்க்கால் மடையைத் திறந்து பெரிய குளத்துக்குத் தண்ணீர் விட்டேன். ஒரு மணி நேரத்தில் பொடிக்குஞ்சுகள் பம்பரம் மாதிரிச் சுழன்றன. அப்புறம் விரல் நீளத்துக் குஞ்சுகள். பெரிசுகள் கடைசியில்தான். இறாலும் செத்தது. தண்ணீர்மேல் கால் வைத்து ஓடுமே, அந்தப் பூச்சியும் செத்தது. ஆயிரத்து நூற்று நாற்பது வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணக் கை வரவில்லை.

மூச்சு முட்டினால் பெரிய மீன்தான் முதலில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும் என்று எனக்குச் சொன்னது யார்? நீதான். போன வருஷம், என் வீட்டில் உட்கார்ந்து, என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே.

தாய் மீன்கள் இருபத்துமூன்றும் தப்பித்தது என் அதிர்ஷ்டம். முந்தின நாள்தான் அவற்றை வீட்டுச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினேன். அத்தனையும் சினை. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் அவற்றை விசாலமான தண்ணீரில் விட்டாக வேண்டும். விடாவிட்டால் முட்டை வயிற்றிலேயே கெட்டு, மீனும் போகும். ஆறு வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த மீன்கள். அவை போனால் நான் பண்ணையைப் பூட்டிவிட வேண்டியதுதான். கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்கே பற்றவில்லை. சின்னக் குளம் காய்ந்து கிடக்கிறது. அதை நிரப்ப வாய்க்காலை விட்டால் வேறு வழி இல்லை. அந்தத் தண்ணீரை விடலாமா, கூடாதா? அதைச் சொல். 'கவனக்குறைவு' என்று நீ எழுதிய வார்த்தையில் மீன் நீந்தாது.

அக்கா

பாட்டிலைத் திருப்பி அனுப்பு. அந்த நீலப் பிளாஸ்டிக் பாட்டில் உன் மாமா வேலைக்குத் தண்ணீர் கொண்டுபோவது. அன்றைக்குப் பதற்றத்தில் கைக்கு அதுதான் கிடைத்தது. தினமும் கேட்டு உயிரை எடுக்கிறார்.


மார்ச் 13, வெள்ளி, மாலை 4.05

அக்கா! அக்கா! அக்கா!

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் கண்டுகொள்ளாதே. பாட்டில்! உன் புருஷனின் பாட்டில்!

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பம்பரம் மாதிரிச் சுழன்றன என்ற இடத்தை மட்டும் மறுபடி படித்தேன்; அது நரம்பு விஷத்தின் அடையாளம். ஒத்துக்கொள்ளாமல், முதலில் பாட்டிலையாவது அனுப்பித் தொலைப்போம் என்று கழுவுகிற இடத்தில் தேடினேன். யாரோ அதில் தூரிகைகளைச் செருகி வைத்திருந்தார்கள். எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். லேசாக, மிக லேசாக, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை.

பூச்சிமருந்தைக் கரைத்து விற்கிற எண்ணெயின் வாசனை! இப்போது தோட்டங்களில் அடிக்கிற மருந்து பைரெத்திராய்டு வகை. மனுஷனுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை, மீனுக்கு எமன். அதன் குணம் என்ன தெரியுமா? தண்ணீரைக் கண்டால் பிடிக்காது. எண்ணெய், சேறு, பிளாஸ்டிக், எது கிடைத்தாலும் தாவி ஒட்டிக்கொள்ளும். நீ அனுப்பிய தண்ணீர் உன் வீட்டிலும் பஸ்ஸிலுமாக இரண்டு நாள், வெயிலில், பிளாஸ்டிக்கில் கிடந்து குலுங்கிக்கொண்டு வந்தது. மருந்து பூராவும் பாட்டில் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வெறும் தண்ணீரை ஊற்றி அதில் மீனை விட்டுவிட்டு நான் மார் தட்டியிருக்கிறேன்!

ஹெக்சேன் என்று ஒரு திரவம், எண்ணெய்ப் பசையைக் கரைப்பது. காலிப் பாட்டிலில் அதைக் கொஞ்சம் ஊற்றி, குலுக்கு குலுக்கு என்று குலுக்கி, கருவியில் போட்டேன். கோடு படுத்திருந்தது, படுத்திருந்தது... அப்புறம் எழுந்தது பார்! தாளின் மேல் விளிம்பில் போய் முட்டியது. தூரிகையில் இருந்து வந்திருக்குமோ என்று அவற்றையும் தனியாகக் கழுவிப் பார்த்தேன். தூரிகை சுத்தம். நான் கத்திய கத்தலில் எங்கள் ஆய்வக மேடம் ஓடி வந்தார்.

"என்னப்பா, பரிசு விழுந்த மாதிரி குதிக்கிற?"

"பாட்டில் தின்னுடுச்சு மேடம்!"

"யாரு எத தின்னா?"

"தண்ணியில இருந்த மருந்த பாட்டில் தின்னுடுச்சு!"

வரைபடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாலு வருஷமா இங்க இருக்க. பிளாஸ்டிக்ல வந்தத எப்படிப்பா பதிவு பண்ண?"

"அது... அக்கா அனுப்பினது மேடம்."

"அக்கா அனுப்பினா பிளாஸ்டிக் கண்ணாடியா மாறிடுமா?"

இரு, அதெல்லாம் அப்புறம். இப்போது வேலை. தண்ணீர் மறுபடி வேண்டும், ஐந்து இடத்திலிருந்து. வாய்க்கால் பாலத்தடியில் ஒன்று. அங்கிருந்து கீழே வர வர, தோட்டங்களுக்கு நடுவில் இரண்டு. உன் மடையில் ஒன்று. பெரிய குளத்து அடிச்சேற்றோடு ஒன்று. கண்ணாடி ஜாடி மட்டும். பிளாஸ்டிக் மூடி என்றால் உள்ளே அலுமினியத் தாள் வைத்து மூடு. பாலத்தடித் தண்ணீர் மட்டும் பெரிய ஜாடி நிறைய வேண்டும்; அதில் மீன் விட்டுப் பார்க்கப்போகிறேன். நிழலில் வை. திங்கள் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடு.

மாமாவின் பாட்டிலைத் தரமாட்டேன். அதில் இனி யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது.

தம்பி


மார்ச் 16, திங்கள்

குடுக்கைக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். பாட்டிலைப் பற்றி இரண்டரைப் பக்கம், எனக்கு வேலை வைத்து அரைப் பக்கம். நான் தேடிய வார்த்தை ஒன்று இருக்கிறது, அதைக் காணோம். பலகையில் உன் தாள் அப்படியே இருக்கிறது. போகட்டும்.

ஆனாலும் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசித் தடவை நின்றுகொண்டே படித்தேன். "அக்காவும் தம்பியும் ஒரே ரகம். சோறு வெச்சியா இல்லையா?" என்று உன் மாமா கேட்டார். வைக்கவில்லை.

ஐந்து ஜாடியும் தயார். எண் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஒன்று பாலத்தடி. இரண்டாவது, முதல் தோட்டத்து வரப்பு. மூன்றாவது, கண்ணாடி சித்தப்பாவின் பம்பு அறைப் படிக்கட்டு. நாலு என் மடை. ஐந்து சேறு.

சித்தப்பாவை உனக்கு நினைவிருக்கும், அப்பாவின் பங்காளி. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி பிடித்துக்கொண்டு, உப்புப் பொட்டலத்தில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் படிப்பாரே, அவர்தான். கத்தரிச் செடிக்கு நடுவிலிருந்து ஓடி வந்து, படியில் வழுக்கும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே ஜாடியை முக்கிக் கொடுத்தார்.

"மேல இருக்கறவங்க என்னென்னத்தையோ கொட்டறாங்கம்மா. நான் எல்லாம் முறைப்படிதான். காலி மருந்து டப்பாவக்கூட மூணு தரம் கழுவித்தான் போடுவேன்."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

தாய் மீன் இருபத்திரண்டு. ஒன்று நேற்றுத் தொட்டிச் சுவரில் மோதிச் செத்தது. இட நெருக்கடி. நீ குதித்தது போதும், சீக்கிரம் பதில் சொல்.

அக்கா


மார்ச் 18, புதன், காலை 9.30

அக்கா,

பிடித்துவிட்டேன்! ஆளையே பிடித்துவிட்டேன்!

ஒன்று: சுத்தம். இரண்டு: சுத்தம். மூன்று: கோடு வானத்துக்குப் போகிறது, இத்தனை நாள் ஆகியும் மருந்து படிப் பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாலு: அதில் பாதி. ஐந்து, அதாவது உன் சேறு: இன்னும் இருக்கிறது. நீ ஒட்டிய எண்களை இரண்டு தடவை சரிபார்த்தேன். இந்தத் தடவை ஜாடிச் சுவரையும் விடவில்லை, கழுவிச் சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் ஜாடி வரைக்கும் இல்லாதது மூன்றாம் ஜாடியில் திடீரென்று முளைக்கிறது. நடுவில் இருப்பது யார் படிக்கட்டு? உன் உத்தமர் படிக்கட்டு!

மூணு தரம் கழுவுகிறாராம். எங்கே கழுவுகிறார் என்று கேட்டாயா? அந்தப் படியில்தான் கழுவியிருப்பார். டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கிற நாலு சொட்டு போதும், ஒரு குளத்துக் குஞ்சுகளைத் தீர்த்துக்கட்ட. மேலே இருக்கிறவர்கள் கொட்டுகிறார்களாம்! கூசாமல் சொல்கிறார் பார்!

நேராகப் போய்க் கேள். கையைப் பிடித்துக்கொண்டு ஜாடி முக்கிக் கொடுத்தார் என்று உருகாதே. நான் சங்கத்துக்குப் புது அறிக்கை எழுதிவிட்டேன். 'கவனக்குறைவு' என்ற அதே வார்த்தை, அவர் பேருக்கு நேராக. உன் கடிதம் வந்ததும் அனுப்புகிறேன்.

பாலத்தடித் தண்ணீரில் நேற்று 10.15க்குப் பத்துக் குஞ்சு விட்டிருக்கிறேன், கண்ணாடித் தொட்டியில். இப்போதைக்குப் பத்தும் ஓடுகின்றன. சனிக்கிழமை வரை பொறு. அதுவரை ஒரு சொட்டு வாய்க்கால் தண்ணீர் உள்ளே வரக் கூடாது.

தம்பி


மார்ச் 19, வியாழன்

தம்பிக்கு,

உன் அறிக்கையை அனுப்பாதே. முதலில் இதைப் படி.

நேற்று சாயங்காலம் உன் கடிதம் வந்ததும் நான் கோபமாகத்தான் போனேன். வழியெல்லாம் வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சித்தப்பா பம்பு அறை வாசலில் உட்கார்ந்து வெண்டை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, மூணாந்தேதி டப்பா கழுவினீங்களா?"

"கழுவினேனே. இந்தப் போகத்து டப்பா பதினொண்ணு சேர்ந்துபோச்சு. மத்தியானம் ஒரே மூச்சா உக்காந்து ஒவ்வொண்ணையும் மூணு தரம். முதுகு விட்டுப்போச்சும்மா."

"எங்க கழுவினீங்க?"

"படியிலதான். வேற எங்க? நல்லா ஓடற தண்ணி."

"அந்தத் தண்ணி எங்க போகுது?"

சிரித்தபடியே திரும்பினார். வாய்க்காலைப் பார்த்தார். அது என் மடைப் பக்கம் ஓடுவதைப் பார்த்தார். கையில் பாதி நறுக்கிய வெண்டை அப்படியே இருந்தது.

"தாள்ல போட்டிருந்துச்சேம்மா" என்றார்.

எழுந்து உள்ளே போய் விளக்கைப் போட்டார். சுவரில் ஒரு தாள். ஈரம் படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் உறை, நாலு மூலையிலும் ஆணி. பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு வரியாக விரலால் தடவிப் படித்துக் காட்டினார். "கையுறை போடவும். போட்டேன். காற்றடிக்கும் பக்கம் நிற்க வேண்டாம். நிக்கல. அளவு மீற வேண்டாம். மீறல. சாப்பிடும் கையோடு தொட வேண்டாம். தொடல. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். வச்சேன். காலி டப்பாவை மூன்று முறை நன்றாகக் கழுவி அப்புறப்படுத்தவும். கழுவினேன். கழுவின தண்ணிய என்ன பண்றதுன்னு எங்கம்மா போட்டிருக்கு? நீயே பாரு. எனக்குத்தான் கண்ணு சரியில்ல, உனக்குத் தெரியுதா?"

ஆறு வரி. எனக்கும் தெரியவில்லை.

தாளின் அடியில் உங்கள் ஆய்வகத்து முத்திரை. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், 'தயாரிப்பு' என்று போட்டு உன் பேர்.

சித்தப்பா சொன்னார்: "நம்ம பையன் எழுதினதுன்னுதாம்மா ஆணி அடிச்சு வச்சேன். மத்தவங்க குடுத்தத எல்லாம் பொட்டலம் மடிக்கப் போட்டுட்டேன்."

தெளிப்பானை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். வாங்கமாட்டேன் என்றேன். படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று சித்தி சொல்லியனுப்பினாள்.

அந்தச் சாவியால் திறந்து, ஆணியைக் கழற்றித் தாளை எடுத்து வந்தேன். தாளையும் சாவியையும் இதோடு வைத்திருக்கிறேன்.

தாய் மீன் இருபத்தொன்று. வயிறு கல்லாக இருக்கிறது. திங்கட்கிழமை தாண்டாது.

அக்கா


மார்ச் 21, சனி, காலை 10.15
விட்டது பத்து. உயிரோடு இருப்பது பத்து. இந்தத் தடவை கண்ணாடியில்.

அக்கா,

பாலத்தடித் தண்ணீர் சுத்தம்! கருவியும் சொல்கிறது, மீனும் சொல்கிறது. பத்தையும் மூன்று தடவை எண்ணினேன். மேடத்தைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். "பத்துதாம்பா, விடு, பதினொண்ணா ஆகாது" என்றார். தாய் மீன்களைக் காப்பாற்றிவிடலாம் அக்கா, நேரம் இருக்கிறது!

உன் கடிதம் நேற்று வந்தது. தாளை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தேன். மூலைகளில் ஆணித் துளை. ஆறாவது வரியின்மேல் விரல் தடவித் தடவி மை மங்கியிருக்கிறது.

நான் எழுதியது ஏழு வரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம். அச்சகத்துக்காரர் போன் செய்து, "சார், ஒரு வரி வெளிய நிக்குது. எழுத்த சின்னதாக்கட்டுமா, நாளைக்குக் காட்டறேன்" என்றார். நாளை வரைக்கும் யார் காத்திருப்பது? "ஏழாவத எடுத்துடுங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஏழாவது வரி: 'கழுவிய தண்ணீரை மருந்துத் தொட்டியிலேயே ஊற்றி வயலுக்கே தெளித்துவிடவும், வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றக் கூடாது.'

எல்லாருக்கும் தெரிந்ததாம். ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே மனுஷன் அந்தப் பக்கத்தில் அவர்தான். அவருக்கே தெரியவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை. அவர் மேல் எழுதிய அறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

இந்தக் கடிதத்தைக் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு முன்னால் அது வந்துவிடும். நேரில் வந்தால் நான் மோட்டார் மாதிரி ஓடுவேன், அதனால் வரிசையாக எழுதியே விடுகிறேன்:

1. இன்று பகல் இரண்டு மணி பஸ் ஏறுகிறேன். பன்னிரண்டு கண்ணாடி ஜாடி, ஒரு குடம் மீன்குஞ்சு, அவற்றைக் குளத்தில் விட்டுப் பார்க்க ஒரு கூடை, பாலத்திலிருந்து சின்னக் குளம் வரை எட்டுகிற அளவு புது ரப்பர் குழாய்ச் சுருள்கள்.

2. உன் வீட்டுக்கு வரும் முன்னால் பம்பு அறைக்குப் போவேன். தாளைப் பழைய ஆணியிலேயே மாட்டி, ஏழாவது வரியைச் சித்தப்பா எதிரில் பேனாவால் எழுதி, எடுத்தது நான்தான் என்று சொல்வேன். சாவியை அவர் கையில் கொடுப்பேன். அவர் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

3. நாளைக் காலை பாலத்தடியிலிருந்து புதுக் குழாய் வழியாகச் சின்னக் குளத்துக்குத் தண்ணீர். பெரிய குளத்தை இந்த வருஷம் தொடாதே, சேற்றில் மருந்து இருக்கிறது. முதலில் கூடையில் பத்துக் குஞ்சு, ஒரு முழு நாள். பத்தும் ஓடினால், திங்கள் காலை தாய் மீன்கள். நீயே அவசரப்படுத்தினாலும் ஒரு மணி நேரம் முன்னால் விடமாட்டேன்.

4. சங்கத்துப் பலகையில் என் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுவேன். 'கவனக்குறைவு' என்ற வார்த்தை அப்படியே இருக்கும். பக்கத்தில் பேர் மட்டும் மாறும். என் பேர்.

5. அந்தத் தாள் இரண்டாயிரம் அச்சடித்தோம். யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலை மேடம் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒட்டியிருக்கிற இடமெல்லாம் பேனாவோடு போவேன். விடுமுறை பதினைந்து நாள் கேட்டிருக்கிறேன். "போதாதுப்பா" என்று மேடம் முப்பதாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

6. மாமாவுக்குப் புதுப் பாட்டில். எவர்சில்வர்.

7. தாள் முடிந்துவிட்டது, ஓரத்தில் குறுக்காக எழுதுகிறேன், திருப்பிப் பிடித்துப் படி. இடமில்லை என்று இதையும் விட்டுவிட மாட்டேன். அக்கா, என்னை மன்னித்துவிடு.

குடுக்கை